சவரிமுத்துவின் சேணம்

அன்பு மதினி,

போன வாரம் வாங்கிய செருப்பு குதிகாலைக் கடித்துக்கொண்டே இருந்தது. நேற்று மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து, விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு அதன் வாரில் தேய்த்தேன். வெயில் பட்ட தோலும் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை எழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் போய் நாலாவது வருஷம் நடக்கிறது. ஆனாலும் அந்த வாசனைக்குப் பின்னாலேயே நீங்கள் வந்து, “அம்புட்டு எண்ணெய் ஊத்தாத சீலி, தோலு குடிக்கிற அளவுக்குத்தான் குடுக்கணும்” என்று சொல்வீர்கள் என்று தோன்றியது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

செருப்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சேணத்தின் கதையை நீங்கள் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அதை யாரும் சொன்னதில்லை. ஒரு தடவை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்தபோது நான் தாவணி போட ஆரம்பித்திருந்த புதிது. அண்ணன் ஏரிக்கரையில் இரண்டு மட்டக்குதிரைகளை வைத்து, வருகிற சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஏரியைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்குவார். அதிகம் பேசாத மனுஷன். சிரிப்பும் கிடையாது. நீங்களோ பண்ணைக்காட்டுப் பெண். எதிரே வருகிறவர் தெரிந்தவரா இல்லையா என்று பார்க்காமல் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். இந்த இரண்டு பேரும் எப்படிக் காலம் தள்ளப் போகிறார்கள் என்று அம்மா கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது. நீங்கள் வந்த மறுநாளே என் தலையைப் பின்னிவிட உட்கார்ந்துவிட்டீர்கள், அதோடு என் கணக்கு தீர்ந்துபோயிற்று.

சேணம் வந்தது பல வருஷம் கழித்து, எழுபதுகளின் கடைசியில். அதற்குள் நான் மிஷன் பள்ளிக்கூட நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உங்கள் அப்பா காலமாகி முப்பதாம் நாள் பூசை முடிந்து பண்ணைக்காட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பினீர்கள். மடியில் கம்பளியால் சுற்றிய ஒரு பெரிய மூட்டை. உங்கள் அண்ணன் தம்பிகள் நிலத்தையும் காப்பிச் செடிகளையும் பிரித்துக்கொண்டார்கள். பரணில் கிடந்த இந்தச் சேணத்தை மட்டும் யாரும் வேண்டுமென்று கேட்கவில்லையாம். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றதற்கு, “இது உக்கார்ற சாமானுங்க. நான் உக்காந்திருக்கேன், என் மேல இது உக்காந்திருக்கு. ஒரு டிக்கெட்டுதான்” என்று நீங்கள் சொன்னதாகவும், பஸ் முழுக்கச் சிரித்ததாகவும் நீங்களே வந்து சொன்னீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஊரில் ‘குதிரைப்படை’ என்று பட்டப்பெயர். காரணம் இந்தச் சேணம்தான். தன் அப்பா சவரிமுத்து பட்டாளத்தில் குதிரை ஏறிக் கடல் கடந்து போய்ச் சண்டை போட்டுவிட்டு, இந்தச் சேணத்தோடு திரும்பி வந்தார் என்று அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். டீக்கடையில் அவர் நுழைந்தால் யாராவது குதிரை கனைப்பதுபோல் கனைப்பார்கள். அவர் அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்.

நீங்கள் சேணத்தை நம் வீட்டு மதில்மேல் ஏற்றி வைத்து, நாள் கணக்காக விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்தீர்கள். பலகைபோல் விறைத்துக் கிடந்த தோல் மெதுவாக இளகியது. கறுப்புக்கு அடியிலிருந்து நல்ல பழுப்பு நிறம் வெளியே வந்தது. அப்போதுதான் அந்த லாட்ஜ்காரர் வந்தார்.

ஏரிக்கு மேலே புதிதாக லாட்ஜ் கட்டியிருந்தாரே, அவர். நல்ல மனுஷர்தான். தன் லாட்ஜுக்கு வருகிறவர்களை நம்முடைய குதிரைக்குத்தான் அனுப்புவார். அன்று காலை நடையில் வந்தவர் மதிலுக்கு அருகே நின்று சேணத்தையே பார்த்தார். இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். நீங்கள் பெருமையாகத் தாத்தா பேரைச் சொன்னீர்கள். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“சவரிமுத்து பேத்தியா நீங்க? பெரும்பாறைத் தோட்டத்துல எங்க அப்பா பெரிய கணக்கப்பிள்ளை. இது அந்தத் தோட்டத்துத் துரையோட சேணம். துரை குதிரைப்படையில கர்னலா இருந்தவரு. சவரிமுத்து வேலையை விட்டுப் போறப்ப இதையும் தூக்கிட்டுப் போயிட்டான்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்.”

பிறகு அவர் கோபமே இல்லாமல், பழைய கதை, உங்கள் மேல் தப்பில்லை, இதை லாட்ஜ் முன்அறையில் கர்னல் பேர் எழுதி மாட்டி வைத்தால் அழகாக இருக்கும், சீசனுக்கு முன்னால் ஆளனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சண்டை போட்டிருந்தால் நீங்களும் போட்டிருப்பீர்கள். அவர் மன்னித்துவிட்டுப் போனதுதான் உங்களால் தாங்க முடியாமல் போயிற்று.

சாயங்காலம் அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொடுத்துவிடலாம், நம்ம சோலிக்கு அவர் வேணும் என்றார். நீங்கள் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னீர்கள்.

“திருட்டுச் சாமானா இருந்தா நாளைக்கே வெரசா குடுத்துருவோம். இல்லேன்னா ஏன் குடுக்கணும்? மொதல்ல அது எதுன்னு தெரியட்டும்.”

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். ஆனால் பாத்திரம் கழுவும்போது என்னிடம் மட்டும் நீங்கள் இன்னொன்று சொன்னீர்கள். உங்கள் அப்பாவின் வாய் உங்களுக்குத் தெரியும் என்றீர்கள். ஒரு முயலைப் பார்த்தால் மான் என்பார், மானைப் பார்த்தால் புலி என்பார். பட்டாளம் என்று அவர் சொன்னது, சொல்லக் கூடாத ஏதோ ஒன்றை மூடுவதற்காகவே இருந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் சும்மா தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

முதலில் மேஜர் சாரிடம் போகலாம் என்று சொன்னது நான். அவர் எங்கள் நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வருவார். பட்டாளத்தில் ஓய்வுபெற்று ஏரிக்கு மேற்கே மேட்டில் குடியிருந்தார். பீரங்கிப் படையில் இருந்தவர் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் மலைப்பாதையில் சாமான் சுமக்கிற கோவேறு கழுதைகளின் பிரிவில் இருந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை, யாரும் கேட்டதும் இல்லை. சேணத்தைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் இருந்த மரப் பட்டைகளையும் முன்னும் பின்னும் இருந்த இரும்பு வளைவுகளையும் தட்டித் தட்டிப் பார்த்தார். தோலின் ஒரு மூலையில் அமுங்கிய ஒரு அம்புக்குறியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அது சர்க்கார் முத்திரையாம்.

“இது ஆர்மி சாமான்தான், சந்தேகமே இல்ல. சண்டைக்குப் போன சேணம். ஆனா கர்னல் சேணம் இல்லம்மா. இது சாதா சிப்பாய்க்குக் குடுக்கிறது. ஆபீசருங்க இதுல உக்காரவே மாட்டாங்க.”

உங்கள் முகம் மலர்ந்தது. தாத்தா சிப்பாயாகத்தானே இருந்திருப்பார். மேஜர் சார் அதைத் தோட்டத்துச் சுவர்மேல் வைத்து, இப்படித்தான் உட்காரவேண்டும் என்று காட்ட ஏறி உட்கார்ந்தார். கால் வைக்கிற அங்கவடிகளில் பாதத்தை நுழைத்ததும் அவருடைய முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. ஆறடி மனுஷர் தவளைபோல் சுவர்மேல் குந்திக்கொண்டு, யோசனையாக அங்கவடி வாரைப் பார்த்தார். பட்டாளத்துத் துளைகளுக்கு மேலே, வெகு உயரத்தில், யாரோ கையால் கோணல்மாணலாகக் குத்திய துளைகள் இருந்தன. கொக்கி அந்தத் துளையில்தான் மாட்டியிருந்தது. வருஷக்கணக்காக அங்கேயே இருந்து தோலில் தடம் பதிந்திருந்தது. சேணத்தின் பின்பக்கம், பட்டாளத்துத் தையல் இல்லாமல், தடித்த வேறு நூலால் இரண்டு தோல் வளையங்கள் தைக்கப்பட்டிருந்தன.

கடைசியாக இதில் ஏறியவர் ரொம்பக் குட்டையான ஆள் என்றார் மேஜர் சார். உங்கள் தாத்தா எவ்வளவு உயரம் என்று கேட்டார். கூரையில் தலை இடிக்கும் என்று அப்பா சொல்லுவார் என்றீர்கள் நீங்கள், குரல் கொஞ்சம் இறங்கி. பிறகு என்ன நினைத்தீர்களோ, அவரை இறங்கச் சொல்லிவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நீங்கள் சுவரில் ஏறினீர்கள். நம் வீட்டிலேயே குள்ளம் நீங்கள்தான். உங்கள் பாதம் இரண்டும் அங்கவடியில் அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்தன.

“சீலி, இது பொம்பளை ஏறின சேணம்” என்றீர்கள்.

மேஜர் சார் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வெள்ளனே கிளம்பி நாம் இரண்டு பேரும் பண்ணைக்காடு வரை பஸ்ஸிலும், அங்கிருந்து தாண்டிக்குடிக்கு ஜீப்பிலும் போனோம். அந்த ஜீப்பை நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது. உள்ளே ஆட்கள், ஆட்களுக்கு நடுவே வாழைத்தார்கள், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஆரனை அழுத்திவிட்டு மாதாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிட்டார். நீங்கள் வழி முழுக்க விசாரணைதான். பழைய காலத்தில் தோட்டங்களில் குதிரை மேய்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா? பக்கத்தில் இருந்தவர், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் என்று கேள்வி கை மாறி மாறிப் போய், ஜீப் நிற்பதற்குள் வீரணன் என்ற பேர் நம் கைக்கு வந்துவிட்டது.

வீரணன் ஒரு காலத்தில் காப்பி மூட்டைகளைக் கழுதை மேல் ஏற்றி மலையிறக்கிக் கொண்டுபோனவர். அப்போது எண்பதை ஒட்டியிருப்பார். வீட்டுக்கு முன்னால் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் சவரிமுத்து பேத்தி என்றதும் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், தாத்தாவின் உயரத்தைப் பற்றி உங்கள் அப்பா சொன்னது உண்மைதான் என்றார். பட்டாளத்தைப் பற்றிக் கேட்டதும் விழித்தார்.

“பட்டாளமா? சவரிமுத்தண்ணன் நர்ஸம்மா குதிரையைப் புடிச்சுக்கிட்டுல்ல போனாரு. தாண்டிக்குடி, பெரும்பாறை, இந்தப் பக்கம் பூண்டி வரைக்கும், எந்த வீட்டுல பிள்ளைப்பேறுன்னாலும் அந்தம்மா குதிரையில போகும். முன்னாடி இவரு லாந்தரைப் புடிச்சுக்கிட்டு நடப்பாரு.”

நீங்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்த நர்ஸம்மா எப்படி இருப்பார் என்று கேட்டீர்கள். வீரணன் தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்து உயரம் காட்டினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண். மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். வெள்ளைப் புடவை, அதற்குள்ளே காக்கிக் கால்சட்டை. முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள், அப்புறம் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு வலி கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள் என்றார்.

மதிலில் கிடந்த அந்தச் சேணத்தில் யாரோ ஒரு பட்டாளத்தான் உட்கார்ந்திருப்பதாகவே அதுவரை நினைத்திருந்தேன். அவன் இறங்கிப் போய்விட்டு, வெள்ளைப் புடவைக்காரி ஒருத்தி ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஆனால் நீங்கள் வந்த காரியத்தை மறக்கவில்லை. சேணம் எப்படித் தாத்தாவிடம் வந்தது என்று நேராகவே கேட்டீர்கள். திருடினதாக ஒருவர் சொல்கிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னீர்கள். வீரணன் குனிந்து மிளகைக் கிளறிவிட்டார். தனக்குத் தெரியாது என்றார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி உங்களை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“அந்தம்மா பெரும்பாறைப் பக்கம் வந்தா கணக்கப்பிள்ளை வீட்டுலதான் தங்கும். அந்த வீட்டு அம்மாளும் இதுவும் அம்புட்டு சிநேகம். அவங்களைக் கேட்டாத்தான் தெரியும். அவங்க மகன்கூட கொடைக்கானல்ல லாட்ஜு கட்டியிருக்காராமே.”

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதலில் உங்களுக்குத்தான் சிரிப்பு வந்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் வீரணனும் சேர்ந்து சிரித்தார். இடுப்பு ஒடிய மலை இறங்கிப் போய் நாம் தேடியவர், நம் வீட்டிலிருந்து கூப்பிடுகிற தூரத்தில் இருந்தார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் நீங்கள் வாயே திறக்கவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மாவும் கணவர் சொன்னதையே சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சேணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன், அப்புறம் யாரும் என் அப்பாவைப் பற்றி என் காதுபடப் பேசாமல் பார்த்துக்கொள்வேன் என்றீர்கள். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து, சேணத்தைக் கம்பளியில் சுற்றி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு லாட்ஜுக்கு ஏறினோம். லாட்ஜ்காரர் முன்அறையில் இருந்தார். நீங்கள் கொடுக்க வந்திருப்பதாக நினைத்து எழுந்து வந்து கைகூப்பினார். மாட்டுவதற்கு இடம்கூடத் தயாராக இருந்தது. சுவரில் பெரிய ஆணி, அதற்குக் கீழே கர்னல் பேர் எழுத ஒரு பலகை.

தருகிறேன், அதற்கு முன்னால் உங்கள் அம்மா ஒருதரம் இதைப் பார்க்கட்டும் என்றீர்கள். அம்மாவுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது, எதற்குச் சிரமம் என்று அவர் இழுத்தார். நீங்கள் நகரவில்லை. கடைசியில் அவர் நம்மைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்த அம்மா வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு, கணீர் என்ற குரல். யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே நீங்கள் சேணத்தை அவர் மடியில் இறக்கிவிட்டீர்கள். அவர் இரண்டு கையாலும் தடவினார். இரும்பு வளைவைத் தொட்டார், இருக்கையைத் தொட்டார், பின்பக்கம் போன விரல்கள் அந்தத் தோல் வளையங்களில் நின்றன. தையல்மேல் கட்டை விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.

“இது நான் தச்சதாச்சே. கோணி ஊசியில தச்சேன். நர்ஸம்மா மருந்துப் பையைத் தொங்கவிட.”

அவர் முகத்தைத் தூக்கி மகன் நின்ற திசையில் பார்த்தார்.

“ஏலே, இது உனக்கு எங்கேருந்துடா வந்துச்சு? நீ வயித்துல தலை திரும்பாமக் கெடந்தே. பேய் மழை. ஆத்துல தண்ணி. அந்தம்மா இதுல ஏறி வந்துதான் உன்னைய வெளிய எடுத்துச்சு.”

சஃபாரி சூட் போட்ட அந்தப் பெரிய மனுஷர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் தரையில் அந்த அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்புறம் அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார், நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம். துரை கர்னலும் இல்லை ஒன்றும் இல்லை. சாதா சிப்பாயாகச் சண்டைக்குப் போய்விட்டு வந்து, பிறகு தோட்டம் பார்க்க வந்தவர். அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது நர்ஸம்மா தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தாராம். துரை சந்தோஷத்தில் தன் பட்டாளத்துச் சேணத்தைத் தூக்கி நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். கால் எட்டவில்லை என்று, சவரிமுத்துதான் ஆணியைக் காய்ச்சி வாரில் மேலே துளை போட்டார்.

நீங்கள் கேட்கவேண்டியதைக் கேட்டீர்கள். தாத்தாவிடம் அது எப்படி வந்தது?

“அந்தம்மா ஊரோட போறப்ப குடுத்துட்டுப் போச்சு. குதிரை மிஷனுக்குச் சொந்தம், சேணம் எனக்குச் சொந்தம், இது உனக்குன்னுச்சு. உங்க தாத்தா வாங்க மாட்டேன்னு எங்க வீட்டு வாசல்ல நின்னு சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. நான்தான் எடுத்துக் கையில குடுத்தேன்.”

லாட்ஜ்காரர் மெல்லிய குரலில், அப்பா வேறு மாதிரி சொன்னாரே என்றார். உங்கப்பா அன்று திண்டுக்கல் போயிருந்தார், துரை இரவல் கொடுத்த சேணம் என்றே நினைத்திருந்தார், வந்து பார்த்ததும் கொட்டகையில் அதைக் காணோம், திருட்டு என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார், நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை என்றார் அம்மா. அதைச் சொல்லும்போதும் அவருக்கு அந்தப் பழைய எரிச்சல் ஆறாமல் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். தாத்தா எந்தச் சண்டைக்காவது போனாரா? அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வெடிச் சத்தம் கேட்டால் குதிரைக்கு முன்னால் சவரிமுத்து ஓடுவார் என்றார். நர்ஸம்மாவின் பேர் என்ன என்றும் கேட்டீர்கள். அவர் யோசித்தார். நர்ஸம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம், அத்தனை வருஷப் பழக்கத்தில் பேரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லையே என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார்.

லாட்ஜ்காரர் படிக்கட்டு வரைக்கும் சேணத்தைத் தானே சுமந்துகொண்டு வந்தார். காப்பி சாப்பிட்டுப் போகலாமே என்று மூன்று தரம் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து இதைப் பார்க்கலாம் என்று நீங்கள் அவரிடம் சொல்லிவிட்டு இறங்கினீர்கள். பாதி வழியில் சேணத்தை ரோட்டோரத்து மதில் ஒன்றின்மேல் வைத்துவிட்டு நின்றீர்கள். அழப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

“சேணம் சண்டைக்குப் போனது நெசம். எங்க தாத்தா குதிரையைப் புடிச்சதும் நெசம். எங்க அப்பா ரெண்டையும் சேத்துக் கட்டிட்டாரு, அவ்வளவுதான்” என்று சொல்லி, அடக்க முடியாமல் சிரித்தீர்கள். சிரித்து முடித்தபோது கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டீர்கள். உங்கள் அப்பாவை நினைத்து நீங்கள் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியுமா? கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்தவர் நீங்கள். லாயம் கழுவியவர் நீங்கள். ஒரு நாளும் ஏறியதில்லை. அன்று அண்ணனிடம் போய், ராஜாத்தி மேல் இந்தச் சேணத்தைப் போடச் சொன்னீர்கள். ராஜாத்தி நம் குதிரைகளில் பெரியது, சாது. அண்ணன் உங்களை மேலும் கீழும் பார்த்தார். புடவைக்குக் கீழே அவருடைய பழைய கால்சட்டை எட்டிப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேணத்தைக் கட்டினார். வாரைப் பார்த்து, கொக்கியை அந்தக் கோணல் துளையிலேயே விட்டுவிட்டு, கையைக் கோத்து உங்களை ஏற்றிவிட்டார்.

ஏரியின் மேல் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பக்கத்தில் ஓடினேன். முதலில் நீங்கள் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெபம் சொன்னீர்கள். படகுத் துறை தாண்டியதும் ஜெபம் நின்று, முதுகு நிமிர்ந்தது. எதிரே வந்த சுற்றுலாக்காரர்கள் சினிமா எடுக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். ஒருவர் போட்டோகூடப் பிடித்தார். லாட்ஜுக்குக் கீழே வந்தபோது மேல்மாடத்தில் லாட்ஜ்காரரும் நாற்காலியில் அவர் அம்மாவும் இருந்தார்கள். மகன் குனிந்து காதில் சொன்னதும் அந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். நீங்கள் கையை ஆட்டப் போய்ச் சரிந்து, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்போது அண்ணன் சிரித்தார் மதினி. நீங்கள் மேலே இருந்ததால் பார்த்திருக்கமாட்டீர்கள். நான் பார்த்தேன்.

அப்புறம் எண்பதுகள் முழுக்க ஞாயிறு காலை ஒரு சுற்று உங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஊர் உங்கள் அப்பாவின் பட்டப்பெயரை உங்களுக்கு மாற்றிக் கொடுத்தது. லாட்ஜ்காரர் தன்னிடம் வந்து தங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேணத்தைக் காட்டுவார். தான் பிறந்த கதையைத் தானே சொல்லுவார், மழையை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிகமாக்கிக்கொண்டு. நீங்கள் இடைமறித்துத் திருத்துவீர்கள். மேஜர் சார் ஒரு தடவை கதையில் நர்ஸம்மா கையில் துப்பாக்கி கொடுத்துப் பார்த்தார், உங்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். உங்கள் அப்பாவின் மகளாக இருந்துகொண்டு, ஒரு சொல் கூட்டாமல் அந்தக் கதையை நீங்கள் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

ராஜாத்திக்கு வயதாகி, அண்ணனும் குதிரைத் தொழிலை விட்டார். சேணம் இப்போது உங்கள் மகன் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நன்றாகத்தான் வைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது வேறு.

நாம் லாட்ஜுக்குப் போய்வந்த அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தது. பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பேர்களைக் கொடுக்கப் போனீர்கள். நம் வீட்டுப் பேர்களையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நர்ஸம்மா என்று எழுதச் சொன்னீர்கள். பேர் எழுதுகிற கோயில் உபதேசியார் பேனாவைத் தூக்கிக்கொண்டு, சரியான பேர் வேண்டும் என்றார். “நர்ஸம்மான்னு எழுதுங்க. யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்” என்றீர்கள். அந்த அம்மா நம்ம சபையா, வேற சபையா என்று அவர் கேட்டார். அதுவும் ஆண்டவருக்குத் தெரியும் என்றீர்கள். அந்த அம்மா உயிரோடுகூட இருக்கலாமே என்று நான் காதில் சொன்னேன். இருந்தால் நூறு வயசு வாழட்டும், ஜெபம் வீணாப் போகாது என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அன்றிலிருந்து ஒரு வருஷமும் நீங்கள் அதை விடவில்லை.

போன நவம்பரில் நான் பேர் கொடுக்கப் போனேன். இப்போது இருக்கிற உபதேசியார் சின்ன வயசுக்காரர், வெளியூர்க்காரர். உங்கள் பேரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அடுத்து நர்ஸம்மா என்றேன். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்து, பேர் என்னம்மா என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதிலையே சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் எழுதினார்.

பூசையில் நம் வீட்டுப் பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. உங்கள் பேர் வந்தது. அதை ஒட்டினாற்போல், கோயில் முழுக்கக் கேட்கும்படி, நர்ஸம்மா என்று வாசித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஆமென் என்றேன்.

உங்கள்
சீலி